தேயிலைப் பூ தோடு: ஞாயிறு வேலைக்கான குறிப்பு

அக்காமார், தங்கச்சிமார் கவனத்துக்கு. இந்தக் கிழமை தேயிலைப் பூ தோடு. சோடிக்கு 11ஆம் நம்பர் (சுமார் 2 மி.மீ. அளவு) வெள்ளை மணி 260, மஞ்சள் 14, 0.3 மி.மீ. செப்புக் கம்பி. வெள்ளையில் இருபது கூடுதலாக எடுங்கள், உடையும். பால் வெள்ளையே வேண்டும். கண்ணாடி வெள்ளையில் கம்பி நிறம் தெரியும்.

பூவுக்கு 50 செ.மீ. கம்பி. 9 மணி கோத்து வளையமாக்கி, அடியில் இரண்டே முறுக்கு. அதைச் சுற்றி 17 மணியில் வெளி வளையம். இது ஒரு இதழ், ஐந்து வேண்டும். மூன்று, நான்கு என்று முறுக்கினால் கம்பி விறைத்து அதே இடத்தில் ஒடியும். ஐந்தாவது இதழில் ஒடிந்தால் திரும்ப முதலிலிருந்துதான்! வெளி வளையம் உள்வளையத்தின் மேல் ஏறி நின்றால் மணிகளின் தடிப்பு ஒன்றாக இல்லை. வெளி வளையத்தில் ஒரு மணி கூட்டிப் பாருங்கள்.

நடுவுக்கு 20 செ.மீ. கம்பியில் மஞ்சள் மணி ஏழு, ஒவ்வொன்றுக்கும் 5 மி.மீ. காம்பு முறுக்கிச் செருகுங்கள். நிஜப் பூவில் மஞ்சள் கொத்துதான் அடர்த்தி, நேரமிருந்தால் பத்தாக்கலாம்.

கொக்கி ஸ்டெயின்லஸ் ஸ்டீலில் வாங்குங்கள், மலிவானதில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது அரிக்கும். நம்ம பனி ஈரத்தில் செம்பு கறுக்கும். சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு மூடி வையுங்கள்.

கட்டாயம் வெட்டுக் குறடு கொண்டுவாங்க. கத்தரிக்கோல் வேண்டாம், வாய் போய்விடும்.