காருக்கும் உச்சவேக வரம்பு வைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில், சுமையுடன் சேர்த்து 3,501 முதல் 12,000 கிலோ வரை எடை அனுமதிக்கப்பட்ட லாரிகள் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்ற விதியை மனமார வரவேற்கிறேன். அந்த லாரிகளின் பின்புறத்தில் அமர்ந்து வேலையிடம் செல்லும் நம் ஊழியர்களைப் பார்க்கும் எவருக்கும் அதன் அவசியம் விளங்கும். அதே விரைவுச்சாலையில் அவர்களை உரசுவதுபோல் முந்திப் பாயும் கார்களுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றுக்கு இதற்கெனத் தனிக் கருவி தேவைப்படாது. ஆக்சிலரேட்டர் மிதியையும் இஞ்சினையும் முன்புபோல் கம்பி இணைப்பதில்லை. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை ஓர் உணர்கருவி இஞ்சின் கணினிக்குத் தெரிவிக்க, காற்று நுழையும் வால்வை எவ்வளவு திறப்பது, எரிபொருளை எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. சக்கரங்களின் சுழற்சியிலிருந்து வேகத்தையும் அது அறிந்துகொள்வதால், குறித்த எல்லை நெருங்கியதும், ஓட்டுநர் மிதியைத் தரையோடு அழுத்தினாலும், வால்வைச் சற்றே மூடி, எரிபொருளைக் குறைத்து, வேகம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்கிறது. இதனால் இஞ்சின் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. அது தன் முழுத் திறனைவிடக் குறைவாகவே உழைக்கிறது. மின்சாரக் கார்களிலும் மோட்டாருக்குச் செல்லும் மின்னாற்றலைக் குறைத்து இதையே செய்கிறார்கள்.

பல கார்களில் இத்தகைய எல்லை ஏற்கெனவே உண்டு. ஜெர்மானியச் சொகுசுக் கார்கள் பலவற்றில் அது 250 கிலோமீட்டர். ஜப்பானில் விற்கப்படும் கார்களில் பொதுவாக 180. வால்வோ நிறுவனமும் 2020 முதல் தன் கார்களை 180இல் நிறுத்திவிட்டது. நம் விரைவுச்சாலைகளில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச வேகமோ 90தான். 250 என்ற எண்ணால் இங்கு யாருக்கு என்ன பயன்?

ஆபத்து நேரத்தில் சட்டென்று வேகமெடுத்துத் தப்ப முடியாதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் மலேசிய நெடுஞ்சாலையிலும் 110தான் வரம்பு என்பதால், 130 என்று வைத்தால் அங்கும் போதிய இடைவெளி மிஞ்சும்.

இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 50 கிலோமீட்டர் சாலையில் 90இல் செல்பவரை அது தடுக்காது. இறக்கத்தில் பிரேக் போலவும் செயல்படாது. மென்பொருளை மாற்றி எழுதி வரம்பை நீக்குவோரும் இருப்பார்கள். ஆகவே, கட்டாய வாகனப் பரிசோதனையின்போது கணினியில் பதிவாகியுள்ள வரம்பையும் சரிபார்க்கும் நடைமுறையை நிலப் போக்குவரத்து ஆணையம் சேர்த்தே பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
ஈசூன்