விடையைக் கொஞ்சம் மூடி வையுங்கள், ஐயா – மூன்றாவது மனு

பெறுநர்: கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: ஆசிரியர்களுக்கான இணையவழிக் கணிதப் பயிற்சி – விடை தானாகத் திறப்பதை நிறுத்தக் கோருதல் – முந்தைய இரு மனுக்கள் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் பள்ளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கு வந்தபோது சிக்னல் தேடி மாடிப்படியில் நின்றுதான் நீங்களும் போன் பேசினீர்கள். அதே படியில் உட்கார்ந்துதான் நாங்கள் இந்தப் பயிற்சியை முடிக்கிறோம். அது பழகிவிட்டது, புகார் அதுவல்ல.

1. கேள்வி வந்த இரண்டாவது நிமிடத்தில் விடை தானாகத் திறந்துகொள்கிறது.

2. போன வாரக் கணக்கு: சதுரங்கப் பலகையில் மொத்தம் எத்தனை சதுரங்கள்? சட்டென்று 64 என்போம். அப்புறம் பலகையே ஒரு சதுரம் என்று உறைக்கும், 65. பிறகுதான் 2×2 சதுரங்கள் கண்ணில் படும், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் 16 இல்லை, 49. நோட்டில் சின்னப் பலகைகள் போட்டுப் பார்த்தேன். 2×2-இல் 5, 3×3-இல் 14, அட, 1, 4, 9 என்று வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதும் போலிருக்கிறதே என்று பென்சிலை மறுபடி எடுக்கும்போது திரையில் 'சரியான விடை 204' என்று வந்து நிற்கிறது. ஐயா, அந்த 'அட'வுக்காகத்தானே இந்தப் பயிற்சியே? அதைப் பிடுங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தால் நான் என்ன செய்ய?

3. புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று கணித அறிஞர் போல்யா 1945-இல் சொன்ன நான்கு படிகளை முதல் பாடத்திலேயே போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் படியில் கால் வைப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. எப்படி யோசித்தோம் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. யோசிக்காமல் 64 போட்டவருக்கும், எல்லாம் சரியாகச் செய்து கூட்டலில் வழுக்கி 203 போட்டவருக்கும் அதே சிவப்புக் குறிதான். வகுப்பில் நாங்கள் இப்படித் திருத்தினால் சும்மா விடுவீர்களா?

4. முதல் மனுவுக்குப் பதிலில்லை. இரண்டாவதற்கு 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி. பதிவு செய்து?

5. கோபத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். விடைப் பொத்தானை எங்கள் கையில் கொடுங்கள், இல்லை ஒரு நாள் கழித்துத் திறக்கட்டும். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடவும், மற்ற ஆசிரியர்கள் போட்டதைப் பார்க்கவும் வழி வேண்டும். ஒருவர் அளவு வாரியாக எண்ணியிருப்பார், இன்னொருவர் சதுரத்தின் இடது மேல் மூலை எங்கெல்லாம் வரலாம் என்று பார்த்திருப்பார், அதையெல்லாம் பார்த்தால்தான் நாளைக்கு ஒரு பிள்ளை வேறு வழியில் போட்டால் தப்பு என்று அடிக்க மாட்டோம்.

அடுத்த பாடம் திங்கட்கிழமை திறக்கிறது. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும், அதற்குள் விடையை மட்டுமாவது மூடி வையுங்கள், ஐயா.

இப்படிக்கு,
மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் கணக்கு ஆசிரியர்