வேண்டாம் என்றால் கையில் கொடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதம் பிறந்தால் முதல் பத்து நாள் சூப்பர் மார்க்கெட்டுகளில் கூட்டம் நெரியும். சம்பளம் வந்த கையோடு மளிகை வாங்க வருபவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள், வேலை முடிந்து போகிற வழியில் ஒரு பால் பாக்கெட்டுக்காக நுழைபவர்கள் என எல்லோரும் மாலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் வந்து சேர்கிறார்கள். நாங்கள் பில்லிங், காய்கறி, குளிர்பதனப் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள். எங்களுக்கு மரியாதை தாருங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. கடையில் ஒருவர் யோசிக்காமல் செய்கிற காரியம் அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேருகிறது. அது எப்படி நடக்கிறது என்பது வாங்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் பனீர். வாங்கலாம் என்று எடுத்து, பிறகு மனம் மாறி, கைக்கு எட்டிய பிஸ்கட் ரேக்கிலேயே செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். பனீர், வெண்ணெய், தயிர் போன்றவை 5 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. உறைந்த பட்டாணி, ஐஸ்கிரீம், கோழி, மீன் எல்லாம் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியவை. நம் ஊர் வெயிலில் ஏசி ஓடினாலும் கடைக்குள் இருக்கும் சூடு பனீருக்கு ஆகாது. நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும்போது அது அங்கே பத்து நிமிடம் இருந்ததா, மத்தியானத்திலிருந்து இருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று தெரியாத பொருளைத் திரும்பச் சில்லரில், அதாவது குளிர்பெட்டியில், வைக்கக் கூடாது. எனவே அது நேராக, விற்க முடியாத பொருட்களுக்கான டேமேஜ் கணக்குக்குப் போகிறது.

இதைவிட மோசம், நல்லது செய்வதாக நினைத்து நடப்பது. ரேக்கில் இளகிக் கிடக்கும் ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்க்கும் இன்னொரு வாடிக்கையாளர், பாவம் வீணாகிறதே என்று எடுத்துப்போய் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார். ஐஸ்கிரீமில் கணிசமான பங்கு காற்று. இளகும்போது அந்தக் காற்று வெளியேறி டப்பாவில் மட்டம் இறங்கிவிடும். மறுபடி உறையும்போது ஐஸ் பெரிய பெரிய துகளாகிவிடும். வாயில் வைத்தால் மணல் போல நறநறக்கும். ருசி கெட்டதோடு போனால் பரவாயில்லை. இளகியிருந்த நேரத்தில் பெருகிய கிருமி, திரும்ப உறைய வைப்பதால் செத்துப்போவதில்லை. அந்த டப்பாவை யாரோ ஒருவர் தன் குழந்தைக்கு வாங்கிப் போவார். உறைந்த பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கினால் மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் அது நடுவில் இளகி மறுபடி உறைந்தது என்று சந்தேகப்படுங்கள். அதை எடுக்காமல் எங்களிடம் காட்டுங்கள்.

வேண்டாம் என்று தோன்றினால் பில்லிங் கவுன்ட்டரில் கொடுத்துவிடுங்கள், அது போதும். ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. குளிர்ந்த பொருட்களைக் கடைசியில் எடுக்கும் வழக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி இல்லாமலே போகும். அரிசி, பருப்பு, சோப்பு, காய்கறி, அதற்குப் பிறகு தயிர், கடைசியாக ஃப்ரீசர் என்று போங்கள்.

இடம் மாறிய பொருளால் வரும் இன்னொரு சண்டை விலைச் சண்டை. சலுகை விலை போட்ட தட்டில் யாரோ வேறு கம்பெனி எண்ணெயை வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்தவர் மேலே இருக்கும் அட்டையைப் பார்த்து அதை எடுத்து வருவார். பில்லில் வேறு விலை வரும். ‘போர்டில் ஒன்று, பில்லில் ஒன்றா’ என்று கேட்பது நியாயம்தான், அவர் மேல் தப்பில்லை. ஆனால் அதை வைத்துவிட்டுப் போனவர் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

தயிர், பால், பிரெட் ஆகியவற்றில் தேதி பார்த்து வாங்குங்கள், அது உங்கள் உரிமை. காலாவதியான ஒன்று ரேக்கில் இருந்தால் அது எங்கள் பிழை, தயங்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் தேதி முடிவது முன்னாலும் புதிது பின்னாலும் வரும்படி அடுக்குகிறோம். கையை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்து உருவும்போது முன்னால் இருக்கும் தயிர் கப்புகள் சரிந்து மூடி திறந்துகொள்கின்றன. இன்று இரவே செலவாகிவிடும் என்றால் முன்னால் இருப்பதை எடுக்கலாம். நாலு நாள் வைத்திருக்க வேண்டுமானால் பின்னால் இருப்பதை எடுங்கள், முன்வரிசையை ஒதுக்கி எடுத்துவிட்டுத் திரும்ப நிறுத்துங்கள். எதை எடுப்பது என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முடிவு செய்துகொண்டு பிறகு திறப்பது நல்லது.

இனி காய்கறி. எங்களுக்கு மிகவும் மனம் வலிக்கும் இடம் இதுதான்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். வீட்டுக் கொல்லையில் பறித்த காய் என்றால் ஒடித்தது அன்றைக்கே குழம்பில் விழுந்துவிடும். கடை ட்ரேயில் அப்படி இல்லை. ஒருவர் இருபது காயை ஒடிக்கிறார், பத்தை எடுக்கிறார். ஒடியாமல் வளைந்த முற்றல் காய்கள் நார் தொங்க அங்கேயே கிடக்கின்றன. அவற்றுடன், நன்றாக ஒடிந்தும் எடை போதும் என்று விட்டுப்போன பிஞ்சுகளும் கிடக்கின்றன. ஒடித்த வாயிலிருந்து கொழகொழப்பு கசிந்து பக்கத்துக் காயில் ஒட்டும். சாயங்காலத்துக்குள் அந்த வாய் கறுத்துச் சுருங்கிவிடும். காலையில் கொட்டிய ட்ரேயில் ராத்திரி மிஞ்சுவது நுனியில்லாத காய்தான். அதை யாரும் தொட மாட்டார்கள்.

ஒடிக்காமலே பிஞ்சைக் கண்டுபிடிக்கலாம். விரல் நீளக் காயாக எடுங்கள். உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினால் முற்றலில் வரிகள் கெட்டியாக உறுத்தும், விதை புடைத்திருப்பது தெரியும். நுனியை ஒடியும்வரை மடக்க வேண்டியதில்லை. லேசாக அசைத்தாலே பிஞ்சு விறைத்து நிற்பதும் முற்றல் வளைந்து கொடுப்பதும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

சுரைக்காயில் நகத்தை அழுத்திப் பார்க்கிறார்கள். நகம் இறங்கிய இடம் ஒரு புண். இரண்டு நாளில் அது பழுப்பாகி அங்கிருந்தே அழுகல் தொடங்கும். ஒரே காயில் ஏழெட்டு நகக்குறி இருப்பது சாதாரணம். வெளிர் பச்சை நிறமும் தோலில் மெல்லிய பூனைமயிரும் இருந்தால் அது பிஞ்சு, நகம் தேவையே இல்லை. முருங்கைக்காயைத் துணி பிழிவது போல முறுக்கினால் தோல் கீறி உள்ளே காய்ந்துவிடும். விதை இருக்கும் இடம் மேடு மேடாகப் புடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். தக்காளியைக் கட்டை விரலால் அமுக்க வேண்டாம். அமுங்கிய இடம் அப்போது தெரியாது, வாங்கிப் போனவர் வீட்டில் மறுநாள் தண்ணீர் விடும். தேங்காயை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டுங்கள், காதருகே வைத்துக் குலுக்குங்கள். அதற்கு ஒன்றும் ஆகாது.

எடையைக் குறைப்பதற்காக முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்துப் போடுகிறார்கள், காலிஃபிளவரின் தண்டை ஒடிக்கிறார்கள், சின்ன வெங்காயத்தின் சருகைத் தேய்த்து ஊதிவிடுகிறார்கள். விலைவாசி அப்படி, புரிகிறது. ஆனால் மேல் இலைதான் கோஸுக்குப் பாதுகாப்பு. உரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போன கோஸ் ஒரே நாளில் வாடிப்போகிறது. உரித்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

எடை போடும் இடத்தில் இரண்டு விஷயம். காய்கறிக்கு ஒட்டும் ஸ்டிக்கரில் உள்ள பார்கோடு பெரும்பாலும் 2 என்ற எண்ணில் தொடங்கும். அது அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும் எண். அதற்குள் என்ன காய் என்பதும், எடை அல்லது விலையும் பதிந்திருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு கவரைப் பிரித்து இரண்டு தக்காளி கூடுதலாகப் போட்டால் ஸ்கேனருக்கு அது தெரியாது, ஆனால் கவரைக் கையில் தூக்கும் கேஷியருக்குத் தெரியும். தெரிந்த பிறகு சொல்லாமல் இருக்கவும் முடியாது, சொன்னால் உங்களுக்குச் சங்கடம். இன்னொன்று, நாட்டுத் தக்காளியையும் பெங்களூர்த் தக்காளியையும் ஒரே கவரில் கலந்து கொண்டுவருவது. விலை வேறு என்பதால் கொட்டிப் பிரித்துத்தான் எடை போட வேண்டும். எடையே போடாமல் நேராகக் கவுன்ட்டருக்கு வந்துவிட்டால், ஒருவர் அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு காய்கறிப் பிரிவுக்கு ஓடி வரும்வரை பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும்.

திறந்த பருப்புத் தொட்டிகளில் கையை விட்டு அளைவதையும் விட்டுவிடுங்கள். ஈரக் கை பட்ட பருப்பு கட்டி பிடிக்கும். துவரம்பருப்பில் இருந்த கரண்டி கடலைப்பருப்பில் போய்விட்டால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. கீழே சிந்திய பருப்பு டைல்ஸ் தரையில் கோலிக்குண்டு மாதிரி உருளும். வயதானவர்கள் அதில் கால் வைத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் பாக்கெட் கை தவறி விழுந்து உடைந்தால், காசு கேட்பார்களோ என்ற பயத்தில் பலர் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். ஆபத்தே அதில்தான். அங்கேயே நின்று, வேறு யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு, குரல் கொடுங்கள். ஒரு ட்ராலி அதன் மேல் ஏறினால் போதும், நாலு சக்கரமும் எண்ணெயை அடுத்த வரிசைவரை இழுத்துப் போய்விடும். நாங்கள் முதலில் அட்டையும் மரத்தூளும் போட்டு எண்ணெயை உறிஞ்ச விடுவோம். அள்ளிய பிறகு சோப்புத்தூள் தூவித் தேய்த்து, வெந்நீர் விட்டுத் துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றுவோம். உதவி செய்வதாக நினைத்து யாரும் முதலிலேயே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வழுக்கல் இன்னும் பரவும்.

பில்லிங் கவுன்ட்டரில் நேரம் எங்கே போகிறது தெரியுமா? ஸ்கேன் செய்வதில் இல்லை. ஸ்கேன் ஆன பிறகு ‘இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள். பல கடைகளில் பில்லில் ஏறிய பொருளைக் கேஷியர் தானாக நீக்க முடியாது. சூப்பர்வைசர் வந்து தன் பாஸ்வேர்டைப் போட வேண்டும். அவர் கிடங்கில் இருந்தால் வரிசை அப்படியே நிற்கும். எனவே, சந்தேகமாக இருக்கும் பொருட்களைத் தனியாக வைத்து, ஸ்கேன் செய்வதற்கு முன்பே விலை கேளுங்கள். ஏதாவது மறந்து போனால் ‘பில்லை ஹோல்டு போடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்தவருக்குப் போட்டு முடித்துவிட்டு உங்கள் பில்லை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். ட்ராலியை வரிசையில் இடம் பிடிக்க நிறுத்திவிட்டு, பில் போடுகிற நேரத்தில் காணாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

பொருளை எடுத்து வைக்கும்போது கனமானதை முதலில் வையுங்கள். அரிசி, எண்ணெய் முன்னால், முட்டையும் பிரெட்டும் கடைசியில். அப்போதுதான் பையிலும் அதே வரிசையில் போகும். செல்போன் ஆப்பைத் தொகை சொன்ன பிறகு தேடாமல், ஸ்கேன் நடக்கும்போதே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசிக்கொண்டே பில் போட வந்தால் பாயின்ட் சேர்க்கும் நம்பர், பை வேண்டுமா, பணமா கார்டா என்ற மூன்று கேள்வியையும் மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது.

யுபிஐயில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் கவுன்ட்டரில் வரவில்லை என்பது தினமும் வரும் தகராறு. உங்கள் செல்போனில் காட்டும் படத்தை வைத்து நாங்கள் பில்லை முடிக்க முடியாது. எங்கள் கருவியில் வரவு வந்தால்தான் முடியும். ரிசர்வ் வங்கி 2019இல் இதற்கு விதி போட்டிருக்கிறது. கடைக்குச் செலுத்தியது உறுதியாகாமல் கணக்கில் கழிந்த பணம், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்குச் சேர வேண்டும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து வங்கியில் கேளுங்கள். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணைத் திருடி என்று சொல்ல வேண்டாம்.

கேஷியர் உட்கார்ந்து பில் போட்டால் அதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே திருத்தப்பட்டது. நாள் முழுக்க நின்ற காலுக்கு அந்த நாற்காலி ஒரு சலுகை அல்ல.

குழந்தையை ட்ராலியின் கூடைப் பகுதியில் நிற்க வைக்காதீர்கள். நிற்கும் குழந்தை எட்டி ரேக்கைப் பிடித்து இழுத்தால் ட்ராலி அந்தப் பக்கமே சாயும். மடக்கு இருக்கையில் கால்களை வெளியே விட்டு உட்கார வைக்கத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். பொருளைக் காரில் ஏற்றிய பிறகு ட்ராலியைச் சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடை நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேண்டாத பொருளை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் ரேக்கில் செருகுகிறார்கள். ஒவ்வொரு கவுன்ட்டர் அருகிலும் ஒரு கூடையும், குளிர்ந்த பொருளுக்கென்று ஐஸ் கட்டி போட்ட ஒரு தெர்மாகோல் பெட்டியும் வைத்து, ‘வேண்டாதவற்றை இங்கே வைக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். மாதத்தின் முதல் பத்து நாளாவது காய்கறிப் பிரிவில் இரண்டாவது தராசுக்கு ஓர் ஆள் போடுங்கள்.

இப்படிக்கு,
சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் சிலர்,
திருச்சி.