மழை எந்த நேரத்தில் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் தமிழ் நாளிதழ்களின் வானிலைப் பெட்டியில் கோலாலம்பூருக்கு ஒரு படமும் இரண்டு வெப்பநிலை எண்களும்தான் இருக்கின்றன. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பெரும்பாலான நாள்கள் அந்தப் படம் மின்னல் வெட்டும் மேகமாகவே இருக்கும். நாள்தோறும் அதையே பார்க்கும் வாசகர் சீக்கிரமே அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார். மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவோ முன்னறிவிப்பைக் காலை, பிற்பகல், இரவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் தருகிறது. அந்த மூன்றையும் அப்படியே அச்சிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், இங்கே பெய்யும் மழை வெயிலின் கணக்குப்படி நடப்பது. காலை வெயிலில் தரை சூடேறுகிறது. நண்பகலுக்கு மேல் மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக்காற்று கிள்ளான், ஷா ஆலம் வழியாக உள்ளே வருகிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்து மேலே ஏற்றுகிறது. ஆகவேதான் கோம்பாக், அம்பாங், உலு லங்காட் பக்கம் பிற்பகலில் முதலில் மேகம் கறுக்கிறது. பருவக்காற்று மாறும் காலத்தில் காற்றுக்கு வேகமோ நிலையான திசையோ இல்லாததால் மேகம் நகராமல் நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. ஒரு இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். கெப்போங்கில் கால்வாய் நிரம்பி வழியும்போது செராஸில் துணி காய்வது இதனால்தான். முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று அதைச் சொல்வது சரியல்ல. 60 விழுக்காடு வாய்ப்பு என்றால், அதே போன்ற 100 நாள்களில் 60 நாள் அந்த இடத்தில் மழை பெய்யும் என்று பொருள். நாளின் 60 விழுக்காடு நேரம் பெய்யும் என்பதல்ல.

முன்னறிவிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. இந்த வேறுபாட்டைத் தங்கள் செய்தியாளர்களும் கவனிக்க வேண்டும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழையோடு இடிமின்னல் நெருங்கும்போது, அல்லது அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரியும்போது இடிமழை எச்சரிக்கை வருகிறது. ஒரு அறிவிப்பு அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குத்தான் செல்லும். நேற்று மாலை விடுத்த எச்சரிக்கையை இன்று காலைப் பதிப்பில் போடுவதால் யாருக்கும் பயனில்லை. அதற்குப் பதில் மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். தொடர்மழை எச்சரிக்கைதான் அச்சுக்கு ஏற்றது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகள் கொண்ட அது, பல மணி நேரம் விடாது பெய்யும் மழையைப் பற்றியது. 2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்தது அந்த வகை மழைதான்.

20 மில்லிமீட்டர் என்பது சிறிய எண் போலத் தோன்றும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீர். 20க்கு 70 அடி தரைவீட்டு மனையின் பரப்பு ஏறக்குறைய 130 சதுர மீட்டர். அந்த ஒரு மனையில் மட்டும் ஒரு மணி நேரத்தில் 2,600 லிட்டர் விழுகிறது. வரிசையில் இருக்கும் அத்தனை வீட்டு நீரும் ஒரே பின்கால்வாயில்தான் போய்ச் சேருகிறது. அங்கே ஒரு நெகிழிப் பை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மலையடிவாரத்தில் பெய்த மழை கோம்பாக், கிள்ளான் ஆறுகள் வழியே நகர நடுவே உள்ள மஸ்ஜிட் ஜாமெக் வரை இறங்கி வரும். ஆற்றோரம் குடியிருப்போர் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் மேற்பகுதி நிலையங்களின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மிகவும் கைகொடுப்பது, மழை இப்போது எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படம். ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஓடும் படமாகப் பாருங்கள். கனமழையைக் காட்டும் சிவப்புத் திட்டு அரை மணி நேரத்தில் ஷா ஆலமிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்திருந்தால், அடுத்த அரை மணியில் தலைநகரைத் தொடும். ஆனால் பழைய மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று பக்கத்திலேயே புது மேகத்தைக் கிளப்பும் என்பதால் அதற்கு மேல் இந்தக் கணக்கு நிற்காது. புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று குளிர்காற்று அடித்தால் மழை சில நிமிடத் தொலைவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பினாங்கு வாசகர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இரவில் சுமத்ரா பக்கம் இடிமேகங்கள் வரிசை கட்டி, விடியலுக்கு முன்னோ காலையிலோ கரையேறும். ரேடாரில் இது நீண்ட கோடாகத் தெரியும். பலத்த காற்று முதலில் வந்து, மழை பின்னால் வரும். தெலுக் பஹாங்கிலிருந்து சிறு படகில் போகிறவர்களுக்குக் காலை முன்னறிவிப்பே உயிர்காக்கும் செய்தி.

சம இரவு பகல் நாளில் வெயில் 40 பாகையைத் தொடும் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 பாகை இருந்தால்தான் வெப்ப எச்சரிக்கையின் முதல் நிலையே வருகிறது. நாட்டின் உச்ச அளவு 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை.

கடைசியாக, மாலையில் திடல் பயிற்சி நடத்தும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; உடனே பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துச் செல்லுங்கள். மரத்தடியும் சுவரில்லாத கூடாரமும் பாதுகாப்பல்ல. கண்ணாடி ஏற்றிய பேருந்து போதும். மழை விட்டதும் திடலுக்குத் திரும்பிவிட வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்