வீட்டோடு வந்த 900 வெள்ளிக் கடன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவரின் சேமநிதிப் பணத்தையும் என் சேமிப்பையும் போட்டு, சென்ற ஆண்டு பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு மாடி வரிசை வீடு ஒன்றை வாங்கினோம். வாடகைக்கு விடுவதற்கென்று வாங்கிய முதல் வீடு. பதினோரு ஆண்டாக ஒரு வயதான தம்பதி அதில் குடியிருக்கிறார்கள், மாதம் 450 வெள்ளி தவறாது, ஆள் தேடும் வேலையும் இல்லை என்றார் விற்றவர். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

முதல் மாத வாடகைக்குப் போனபோது பாட்டி கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு மைலோ டின்னை எடுத்து வந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய 555 புத்தகங்கள், கணக்கு எழுதும் சின்னக் குறிப்பேடுகள். மாதா மாதம் தொகை, பக்கத்தில் பழைய உரிமையாளரின் கையெழுத்து. இருப்பதிலேயே பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில், அன்றைய வாடகை 350 வீதம் இரண்டு மாதத்துக்கு 700, தண்ணீர், கரண்டுக்கு 200, ஆக 900 வெள்ளி டெபாசிட்.

"அது இப்ப உங்ககிட்டதானம்மா இருக்கு?" என்றார் பாட்டி.

என்னிடம் ஏது? வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் புரட்டினேன். விலை, வங்கிக் கடன், கெடு நாள் எல்லாம் இருந்தன. டெபாசிட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. விற்றவர் முதலில் "பார்க்கலாம் அக்கா" என்றார். பிறகு போனையே எடுப்பதில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டால், "நீங்க சொல்லலையே" என்றார்கள். சொல்லவில்லைதான். துணி தைக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்திருந்தால், கொடுக்க வேண்டிய பாக்கிப் பணத்தில் 900ஐக் கழித்திருக்கலாம். கரண்டு மீட்டர் யார் பெயரில், தண்ணீர் பில்லில் நிலுவை எவ்வளவு, இனி வாடகை யாரிடம் என்று விற்பவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதம், இதையெல்லாம் அன்றே முடித்திருக்கலாம்.

"பூட்டை மாத்துங்க, 650க்கு ஆள் இருக்கு" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். வாடகைக் காலம் முடிந்திருந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக்கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனம் வராது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் எங்கள் தாத்தா இருந்த தோட்டம் கைமாறியது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, புது முதலாளி வந்த பிறகுதான் விஷயமே தெரியும் என்று அம்மா சொல்வார். 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான்.

புது 555 புத்தகம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 900 வெள்ளி என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வீடு விற்பனையைக் கையாளும் வழக்கறிஞர்கள், ஆள் இருக்கும் வீடு என்றால் டெபாசிட் யாரிடம் இருக்கிறது என்று அவர்களே ஒரு வார்த்தை கேட்கலாம்.

விற்ற தம்பியும் இந்த நாளிதழ் வாங்குகிறவர்தான். மைலோ டின்னில் அவர் கையெழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்