பேரேட்டை இறக்கிப் படித்துக் காட்டிய அம்மாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கும், இந்த ஜீப்புக்காகத் தேடிய, விசாரித்த, போன் போட்ட எல்லோருக்கும்,

பண்ணையிலிருந்து வந்த பழைய மஹிந்திரா ஜீப்பின் பதிவைச் சரிசெய்யக் கேட்டிருந்த வாகனப் பதிவு அலுவலக உத்தரவு கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் எண் திருத்தியாயிற்று. முதல் பதிவுத் தேதி ஏறிவிட்டது. மெட்ராஸ் ராஜ்யக் காலத்து எண் அப்படியே நிற்கிறது. நகல் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் தப்பாக ஏறியிருந்தது, முதல் பதிவுத் தேதி இல்லை, எஞ்சின் மாற்றிய வண்டியோ என்ற கேள்வி வந்தது. மற்றதெல்லாம் மறுபடி கிளற வேண்டாம். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

அம்மா, உங்களிடம் கேட்க வந்தது ஒரே கேள்விதான்: பண்ணைக்கு ஜீப் வந்தது எந்த வருஷம்? உத்தேசமாக ஒரு வருஷம் சொல்லியிருந்தால்கூட நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம். நீங்கள் "இருங்க தம்பி, அப்பா எழுதி வச்சது இருக்கு" என்று பரணிலிருந்து பழைய கணக்குப் புத்தகமான பேரேட்டை இறக்கச் சொன்னீர்கள். அதைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னீர்கள். வண்டியைக் காப்பாற்றியது அந்தப் படிப்புதான்.

பழைய கணக்குப்பிள்ளை எழுத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. பாதிச் சொல் குறுக்கம். எண்ணெல்லாம் தமிழ் எண். தேதிக்கு இங்கிலீஷ் வருஷம் கிடையாது, குரோதி வருஷம் ஐப்பசி என்றுதான் இருக்கும். குரோதி என்றால் 1964 சித்திரையிலிருந்து 1965 பங்குனி வரை. ஐப்பசி என்றால் 1964 அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை. "ஜீப்பு வகை பற்று" என்ற தலைப்பின் கீழ் வாங்கின தொகை, பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், அதற்கடுத்த வரியில் சேஸிஸ் (அடிச்சட்டம்) எண்ணும் எஞ்சின் எண்ணும்.

சிக்கல் அவிழ்ந்தது அந்த எஞ்சின் எண்ணில்தான். நகல் ஆர்.சி. புத்தகத்தில் ஓர் இடத்தில் 3 என்று இருந்தது. இந்த எஞ்சினில் எண் இருக்கும் இடம் பிளாக்கின், அதாவது எஞ்சினின் வார்ப்பு உடலின், முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் மேட்டில். பெல்ட்டும் ஃபேனும் மறைக்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள். 8-ன் இடது பக்கக் குழிகளில் பெயின்ட் அடைத்துக்கொண்டால், பென்சில் தேய்த்து எடுக்கும் பிரின்ட்டில் அது அச்சு அசல் 3-தான். நகல் புத்தகம் போட்ட காலத்தில் யாரோ அப்படித்தான் எடுத்திருக்க வேண்டும். பேரேட்டில் அந்த இடத்தில் ௮ (எட்டு) இருக்கிறது. தமிழில் ௮-வையும் ௩-வையும் (மூன்று) ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்கவே முடியாது. இங்கிலீஷ் எண்ணில் எழுதியிருந்தால் மை மங்கிய அந்தத் தாளிலும் இதே வழக்கு வந்திருக்கும். உங்கள் அப்பாவின் பழக்கம் அறுபது வருஷம் கழித்து வேலைக்கு வந்தது.

ஆனாலும் பேரேடு வீட்டுக் கணக்கு, அது மட்டும் அலுவலகத்தில் நிற்காது. அந்தப் பக்கத்துக்குள் நான்காக மடித்து வைத்திருந்த இன்சூரன்ஸ் கவர் நோட்டு (தற்காலிகக் காப்பீட்டுத் தாள்) நின்றது. டைப் அடித்த தாள். முதல் உரிமையாளர் பெயர், பதிவு எண், இரண்டு எண்களும் ஒரே தாளில். அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னீர்களே தவிர, திருப்பித் தருவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு வரியையும் நீங்கள்தான் விடாமல் படித்தீர்கள். நாங்கள் தாண்டிப் போகப் பார்த்தோம். "எஞ்சின் திறந்து 20 போர், பிஸ்டன் 4, ரிங் செட் 1." போர் என்றால் சிலிண்டரின் உள் விட்டம், 20 என்றால் அதைக் கடைந்து இருபது தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கியது. இதன் கனம் இதே வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த ஜீப்பின் மாடலான மஹிந்திரா சி.ஜே.3பி-யில் வந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் 2,199 சி.சி., கம்பெனி போர் 3.125 அங்குலம். இருபது தவ் ஏற்றினால் 3.145. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றிப் பார்த்தபோது நான்கு பிஸ்டன் தலையிலும் 020 என்ற குத்து. போர் கேஜில் சிலிண்டரின் அடியில், ரிங் தொடாத இடத்தில், 3.145. மேலே ரிங் ஓடும் இடத்தில் 3.148. மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தது, ஆகவே தேய்மானம்தான், சந்தேகமில்லை. பிளாக் மாறவில்லை என்பதற்கு எண் ஒரு சாட்சி, போர் இன்னொரு சாட்சி. போரை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். இருபது தவ் ஏற்றிய பிளாக் ஊரில் நிறைய உண்டு. எண்ணும் பேரேடும் போரும் ஒன்றையே சொன்னதால்தான் கேள்வி அடங்கியது.

ஹெட் கழற்றித் தந்த கும்பகோணத்து மேஸ்திரிக்குத் தனியாக ஒரு கும்பிடு. இந்த எஞ்சினில் ஹெட் போல்ட் ஒன்று கார்புரேட்டருக்குக் கீழே, காற்று போகும் துவாரத்துக்குள் ஒளிந்திருக்கும். கார்புரேட்டரை எடுத்தால்தான் தெரியும். தெரியாதவர்கள் வெளியில் உள்ளதையெல்லாம் கழற்றிவிட்டு, ஹெட் ஒட்டிக்கொண்டதென்று நெம்புவார்கள், வார்ப்பு விண்டுவிடும். அவர் முதலில் தொட்டதே கார்புரேட்டரைத்தான். திரும்ப மாட்டும்போதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், 60 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான். பெயின்ட்டுக்குள் மறைந்திருந்த எஞ்சின் எண்ணை வெளியே கொண்டுவந்ததும் அவரே. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால். கிரைண்டர், எமரி ஷீட் எதையும் கிட்டே விடவில்லை. அந்த இடத்தில் புதுக் கீறல் விழுந்தால் எண்ணை அழித்துக் குத்தியதாகத்தான் எழுதுவார்கள், அதன்பின் எந்தத் தாளும் உதவாது.

பழைய எண் வரிசையை எங்கே தேடுவதென்று சொன்ன, ஓய்வு பெற்ற அலுவலர் ஐயாவுக்கு நன்றி. நாகப்பட்டினம் 1991-ல் பிரிந்தது, திருவாரூர் 1997-ல். இந்த வண்டி பதிவானது ஒன்றாயிருந்த தஞ்சாவூர் ஜில்லாவில். இன்றைக்கு வண்டி நிற்கும் ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்காது. அலுவலகத்துப் பதிவேடான பி ரிஜிஸ்டர் பக்கத்தில் கிழியாமல் மிஞ்சியிருந்த தேதியைப் படித்துக் கொடுத்தவர்களுக்கும், இரண்டாவது உரிமையாளரான ரைஸ் மில் குடும்பத்துக்கும், தகடு வேலை செய்யும் டின்கர் அண்ணனுக்கும், ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், படிவங்களைச் சரிபார்த்த வக்கீல் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே நன்றிதான் சொல்ல முடிகிறது. அது போதாது, தெரியும். டின்கர் அண்ணன் பேட்டரி தட்டுக்கு அடியில் 400 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பெயின்ட் அடுக்குகளை வளையம் வளையமாகக் காட்டியிராவிட்டால், இது ராணுவ ஏலத்து வண்டி என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அடியில் ராணுவப் பச்சை இல்லை. சாம்பல் பிரைமர், அதற்கு மேல் கம்பெனி நிறம், அவ்வளவுதான்.

இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும். டெல்டாவில் அசல் எஞ்சினோடு ஜீப் கிடைப்பதே அபூர்வம். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் எஞ்சின் ஏற்றாத பண்ணை ஜீப் சொற்பம். அது வயிற்றுப்பாட்டுக் கணக்கு, அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. இந்த வண்டி தப்பியது மில் கொட்டகையில் ஓடாமல் கிடந்ததால்.

பேரேட்டில் இன்னும் ஒன்று கிடைத்தது. அது உத்தரவுக்கு வேண்டியதில்லை, எங்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகையில் "முன் அச்சு கிரீசு" செலவு திரும்பத் திரும்ப வருகிறது. சம்பா நாளில் வெண்ணாற்றுக் கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் ஓடினால் முன்சக்கர உருண்டைக்குள் சேற்றுத் தண்ணீர் இறங்கும், ஃபெல்ட் சீல் தாங்காது, கிரீஸ் கஞ்சியாகும், பின்னாலேயே சக்கரத்தைத் திருப்ப உதவும் கிங் பின் பேரிங் போகும், ஸ்டியரிங் உதறும். திறந்து பார்த்தோம், அதேதான். இனி மழைக்கு முன்னும் பின்னும் அதைத் திறந்து கழுவி நிரப்புவதென்று முடிவு. டீசல் ஏற்றுவதில்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, அகல டயர் இல்லை, பழைய அளவான 6.00-16 மட்டும்தான்.

அம்மா, கவர் நோட்டைப் பேரேட்டின் அதே பக்கத்தில் வைத்துத் திருப்பித் தந்துவிடுகிறோம். ஜீப் வகைப் பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நீங்கள் படித்ததை எதிர்ப்பக்கத்தில் அச்சடித்து பைண்டு செய்து ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று வண்டிக்கு. மூலத்தை யார் கேட்டாலும் லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள், தாள் வீணாகிவிடும். வசம்புத் துண்டு போட்டு பரணிலேயே இருக்கட்டும்.

பழம்பெரும் வண்டியை நினைத்தபோதெல்லாம் ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. முன் அச்சு வேலை முடிந்ததும் பராமரிப்பு ஓட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. அது உங்கள் தெரு வழியாகத்தான்.