முட்டி வலிக்கு எதுக்குப்பா சைக்காலஜிஸ்ட்னு கேட்ட பொண்ணுக்கு

பாப்பாவுக்கு,

நேத்து நீ கோவத்துல போன கட் பண்ணிட்ட, நானும் திரும்ப கூப்பிடல. கூப்பிட்டிருந்தா ரெண்டு பேரும் சத்தம் போட்டிருப்போம், நடுவுல அம்மா வந்து போன பிடுங்கியிருப்பா, அதான் நிதானமா டைப் பண்றேன், நீயும் வேலையெல்லாம் முடிச்சிட்டு படி. "முட்டி வலின்னு போனா சைக்காலஜிஸ்ட்ட பாருங்கன்னு எழுதித் தர்றாரு, அப்ப உங்கள பைத்தியம்னு சொல்றாரா அந்த டாக்டர்"னு நீ எகிறினது எனக்காகத்தான்னு தெரியும்மா. ஆனா எனக்கு அவர் மேல கோவமே வரல. இவ்ளோ நாளா எல்லாரும் முட்டிய கேட்டாங்க, மொத தடவையா ஒருத்தர் என்னைய கேட்டாருன்னு தான் தோணுச்சு.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். வலி நெஜம். நான் கற்பனை பண்ணல, அவரும் அப்படி சொல்லல. மனசுக்கும் இதுல பங்கு இருக்குன்னு யாராச்சும் வாயத் தொறந்தாலே "அப்ப வலி பொய்யா"ன்னு சண்டைக்கு போயிடறோம், ஆனா அது வேற இது வேற. உலக அளவுல வலிய ஆராய்ச்சி பண்றவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, 1979லயே அவங்க வலின்னா என்னன்னு எழுதி வெச்சப்ப உடம்பு உணர்றதையும் மனசு படுற பாட்டையும் ஒரே அனுபவமா சேர்த்துத்தான் எழுதினாங்க. 2020ல அத திருத்தினப்பவும் அந்த பகுதிய எடுக்கல, கூடவே ஒருத்தர் எனக்கு வலிக்குதுன்னு சொன்னா அத மதிக்கணும்னு ஒரு குறிப்பும் சேர்த்தாங்க. அதனால சைக்காலஜிஸ்ட்ட போறேன்னா என் முட்டிய யாரும் நம்பலன்னு அர்த்தம் இல்ல.

நீ என் எக்ஸ்ரேவ உனக்கு தெரிஞ்ச யாருக்கோ அனுப்பி, அவங்க "எலும்பும் எலும்பும் உரசுது"ன்னு சொன்னாங்கன்னு எங்கிட்ட சொன்ன இல்ல, அந்த ஒரு வாக்கியம் என்ன பண்ணுச்சு தெரியுமா. அன்னைலேருந்து ஒவ்வொரு அடி வைக்கிறப்பவும் உள்ள ரெண்டு எலும்பு நறநறன்னு தேயுற மாதிரியே ஒரு படம் மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சிடுச்சு. படி எறங்கும்போது முட்டில சத்தம் வரும்ல, முன்னாடியும் வந்துட்டு தான் இருந்துச்சு, நான் கண்டுக்கவே மாட்டேன், அதுக்கப்புறம் அந்த சத்தம் கேட்டாலே போச்சு இன்னும் கொஞ்சம் தேஞ்சிருச்சுன்னு நெஞ்சு பதறும். பிசியோ பொண்ணு தான் சொன்னாங்க, தேயுதுன்னு சொல்றோமே அந்த குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாதாம், வலி வர்றது அதுக்கு அடியில இருக்குற எலும்புலேருந்தும் மூட்ட சுத்தி இருக்குற சவ்வுலேருந்தும் தானாம். எக்ஸ்ரேல கன்னாபின்னான்னு தேய்மானம் இருந்தும் ஜாலியா நடக்குறவங்க இருக்காங்க, படத்துல பெருசா ஒண்ணும் இல்லாம துடிக்கிறவங்களும் இருக்காங்க. படத்த பாத்து வலிய அளக்க முடியாது, ஆனா படத்த பாத்து பயத்த மட்டும் நல்லா ஏத்திக்கலாம்.

பயந்தவன் என்ன பண்ணுவான், நடக்குறத கொறைப்பான். நான் மாடிக்கு போறத விட்டேன், சாயங்கால நடைய விட்டேன், கீழ விழுந்த பொருள கூட அம்மாவத்தான் எடுக்க சொல்றது. தொடை தசை இளைச்சிடுச்சு. தொடைல பலம் இல்லன்னா பாரம் மொத்தமும் முட்டி மேல எறங்கும், அப்ப கொஞ்சம் நடந்தாலும் கூடுதலா வலிக்கும், பாத்தியா நான் தான் சொன்னேனே நடந்தா வலிக்கும்னு, இன்னும் நடைய கொறை. இந்த சுத்துக்கு பேரே வெச்சிருக்காங்க, பயந்து தவிர்க்கிறதுன்னு, விளாயன், லிண்டன்னு ரெண்டு பேர் 2000ல இத விளக்கி எழுதினது தான் இன்னைக்கும் எல்லாரும் சொல்றது. சைக்காலஜிஸ்ட்ட போனப்ப இத படம் போட்டு காட்டினாங்க, வலி, பயம், ஒதுங்கல், பலவீனம், திரும்ப வலின்னு வட்டமா அம்புக்குறி. எனக்கு சிரிப்பு வந்துச்சு, யாரோ நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து பாத்து வரைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஒரு தாள் குடுத்தாங்க, 13 கேள்வி, மைக்கேல் சல்லிவன்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் 1995ல உருவாக்கினது. வலிக்கும்போது உன் மனசுல என்ன ஓடுதுன்னு கேக்குது. இது எப்பவும் தீராதுன்னு தோணுதா, வேற எதையும் நெனைக்க முடியலையா, பெருசா ஏதோ ஆகிடும்னு பயமா இருக்கா, இந்த மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 52. நான் வாங்கின மார்க்க உங்கிட்ட சொல்ல மாட்டேன், ஸ்கூல்ல வாங்கியிருந்தா எங்கப்பா சந்தோஷப்பட்டிருப்பாரு.

அந்த தாள்ல இல்லாத விஷயமும் நெறைய இருக்கு, அத யார்கிட்டயும் சொல்லல, உங்கிட்ட நேர்ல சொல்லவும் வராது. உக்காந்த எடத்துலேருந்து எந்திரிக்க கைய ஊணி முக்கும்போது நாலு பேர் ஓடி வந்து பிடிப்பாங்க பாரு, அந்த நேரம் எனக்கு வலிய விட வெக்கம் தான் பெருசா இருக்கும். எங்கயாச்சும் போனா மொதல்ல கண்ணு தேடுறது நாற்காலிய, அப்புறம் படி எத்தனைன்னு, அப்புறம் தான் மனுஷங்கள. போகலன்னா நிம்மதின்னு போகாம இருந்தேன், கொஞ்ச நாள்ல யாரும் கூப்பிடறதில்ல, அப்ப அதுக்கும் கோவம். உங்கம்மா மேல எரிஞ்சு விழுந்தது எல்லாம் முட்டிக்காக விழுந்தது, அவ பண்ணது ஒண்ணும் இல்ல. குழந்தைங்க வந்து தூக்கு தாத்தான்னு கைய நீட்டினப்ப, "தாத்தாவுக்கு முட்டி வலி, தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு நீ சொன்ன, சரிதான், ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. தூங்கலன்னா மறுநாள் அதே முட்டி ரெண்டு மடங்கு வலிக்கும், இது எனக்கு மட்டும் இல்ல, தூக்கம் கெட்டா வலி தாங்குற சக்தி கொறையும்னு ஆராய்ச்சியே இருக்கு. வலியால தூக்கம் போகும், தூக்கம் போனதால வலி ஏறும், இதுல எது மொதல்லன்னு கேட்டா பதில் இல்ல.

ரொம்ப நாளா வலிச்சுட்டே இருந்தா நரம்பு மண்டலமே கூர் ஏறி, சின்னதுக்கும் பெருசா கத்த ஆரம்பிச்சிடுமாம். பூனை குதிச்சா கூட கத்துற கார் அலாரம் இருக்கும்ல, அந்த மாதிரி, திருடன் வந்தாலும் கத்தும் காத்தடிச்சாலும் கத்தும். கத்தறது நெஜம் தான், ஆனா ஒவ்வொரு தடவையும் கார் உடையுதுன்னு அர்த்தம் இல்ல. கவலை, மனச்சோர்வு, தூக்கமின்மை இது எல்லாம் அந்த அலாரத்த இன்னும் ஏத்தி விடுற சங்கதி. இந்த ஒண்ணு புரிஞ்சதும் எனக்கு பாதி பாரம் எறங்கின மாதிரி ஆச்சு.

இப்ப ஆபரேஷன் விஷயத்துக்கு வர்றேன், நீ அதுல தான் நிக்கிற. சின்னதா துளை போட்டு கேமரா விட்டு உள்ள கழுவி சுத்தம் பண்ணிக்கலாம்னு நீ அனுப்பின வீடியோவ பாத்தேன். அமெரிக்காவுல ஹூஸ்டன்ல புரூஸ் மோஸ்லின்னு ஒரு டாக்டர், அவரோட குழு 180 பேர வெச்சு அத சோதிச்சு பாத்து 2002ல முடிவ வெளியிட்டாங்க. சில பேருக்கு நெஜமாவே உள்ள சுத்தம் பண்ணாங்க, சில பேருக்கு வெறும் தோல மட்டும் கீறி தையல் போட்டு அனுப்பிட்டாங்க, யாருக்கு எதுன்னு பேஷன்ட்டுக்கு தெரியாது. ரெண்டு வருஷம் பாத்தாங்க, வலில ஒரு வித்தியாசமும் இல்ல. தேய்மான முட்டிக்கு அத பண்ணி பிரயோஜனம் இல்லன்னு தான் இப்ப பெரும்பாலும் சொல்றாங்க.

மூட்டு மாத்துற ஆபரேஷன் வேற, அது நல்ல ஆபரேஷன், நான் அத வேணாம்னு சொல்லல. தேவைப்படுற நாள் வந்தா பண்ணிப்பேன். ஆனா அத பண்ணிக்கிட்டவங்கள்ல பத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்புறமும் வலி நீடிக்குது, அதுலயும் போறதுக்கு முன்னாடியே பயத்துலயும் சோர்வுலயும் இருந்தவங்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அப்ப ஆபரேஷன் பண்றதா இருந்தாலும் இந்த மனசு வேலைய முடிச்சிட்டு போறது தானே புத்திசாலித்தனம். அதுக்கு நடுவுல முட்டி வீங்கி சூடாச்சு, காய்ச்சல் வந்துச்சு, கால் மடக்க முடியாம மாட்டிக்கிச்சுன்னா நான் தத்துவம் பேசிட்டு உக்காந்திருக்க மாட்டேன், நேரா டாக்டர்ட்ட தான்.

சைக்காலஜிஸ்ட்ட போனா அங்க என்ன தான் பண்றாங்கன்னு கேப்ப. படுக்க வெச்சு சின்ன வயசு கதை எல்லாம் கேக்கல. வலிச்சா நிறுத்துன்னு இல்லாம, நேரம் ஆனா நிறுத்துன்னு ஒரு கணக்கு போட்டு தர்றாங்க. நல்லா இருக்குற நாள்ல ஒரேயடியா எல்லா வேலையும் செஞ்சு மறுநாள் சுருண்டு படுக்குறது தான் என் பழக்கம்னு உனக்கே தெரியும், அது கூடாதாம், நல்ல நாளும் அதே அளவு, மோசமான நாளும் முடிஞ்ச வரைக்கும் அதே அளவு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். தூக்கம் வரலன்னா படுக்கைல பொரண்டுகிட்டே இருக்காம எந்திரிச்சு வந்துடணும். "போச்சு"ன்னு மனசு சொன்னா, என்ன போச்சுன்னு திருப்பி கேட்டு பழகணும், இது தான் எனக்கு கஷ்டம், எங்க தலைமுறைக்கு மனசோட பேசுற பழக்கமே கிடையாது. இது புதுசா கண்டுபிடிச்ச ஃபேஷன்னு நெனைக்காத, ஃபிரான்சிஸ் கீஃப்னு ஒருத்தர் 1990லயே முட்டி தேய்மானக்காரங்களுக்கு வலிய சமாளிக்கிற பயிற்சி குடுத்து, வெறும் பாடம் மட்டும் கேட்டவங்கள விட இவங்களுக்கு வலி கொறைஞ்சதா காட்டியிருக்காரு. முழுசா போயிடும்னு யாரும் எனக்கு வாக்கு குடுக்கல, நானும் கேக்கல.

இனி உன் பக்கம். நீ கூப்பிட்டா மொத கேள்வி "வலி எப்படி இருக்கு". அன்பா தான் கேக்குற, ஆனா அது வரைக்கும் மறந்திருந்தவன் உடனே உள்ள போய் தேடிப் பாத்து ஆமா வலிக்குதுன்னு எடுத்துட்டு வர்றேன். உங்கம்மா நான் லேசா மூஞ்ச சுளிச்சா போதும், உக்காருங்க நான் எடுத்து தர்றேன்னு ஓடி வர்றா. வில்பர்ட் ஃபோர்டைஸ்னு ஒருத்தர் 1970கள்லயே இத பத்தி எழுதியிருக்காரு, வலிக்குதுன்னு காட்டுறப்ப எல்லாம் வீட்ல கூடுதல் கவனிப்பு கிடைச்சா மனுஷன் அறியாமலே இன்னும் முடங்கிப் போவான்னு. அதுக்காக என்னைய கண்டுக்காம விட்டுடாதீங்க, அப்படி பண்ணா நெஜமாவே சண்டை வரும். இன்னைக்கு என்ன பண்ணீங்க, எங்க போனீங்கன்னு கேளு. நடந்தேன்னா எங்க நடந்தேன்னு கேளு. உன் ஆபீஸ்ல அந்த மேனேஜர் கூட என்ன ஆச்சுன்னு சொல்லு, பாதில விட்டுட்ட. குழந்தைங்கள என்கிட்டேருந்து காப்பாத்தாத, என்னைய குழந்தைங்ககிட்டேருந்தும் காப்பாத்தாத. தூக்க முடியலன்னா நானே சொல்லிக்கிறேன், மடில உக்கார வெச்சுக்க எனக்கு தெரியும்.

வலி ஜாஸ்தியான அன்னைக்கு நானா சொல்வேன். அப்ப மட்டும் ஆபரேஷன், வேற டாக்டர், புது தைலம்னு ஆரம்பிக்காம கேட்டுக்கோ, போதும்.

கடைசியா ஒரு உதவி. கீஃப் 1996ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வெச்சு இதே பயிற்சிய குடுத்து பாத்திருக்காரு, அது நல்லா வேலை செஞ்சுச்சுன்னு சொல்லி, அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. இவ "முட்டி வலி உங்களுக்கு, நான் எதுக்கு அங்க வரணும்"னு ஒரே பிடிவாதம். நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொன்னா கேப்பா. போன் பண்ணி பேசு.

அப்பா